கிதாபில் கை வைக்காத வஹீது

மலாக்காவுக்கு வெளியே, பத்து பெரண்டாம் என்கிற ஊர்ப்பக்கம் மிளகாய், மல்லி அரைக்க வேண்டுமென்றால் அப்துல் வஹீதின் மில்லுக்குத்தான் போக வேண்டும். அரைப்பு சுத்தமாக இருக்கும். ஆள்தான் சரியில்லை. "மல்லி காயல. கொண்டுபோயி காய வச்சுட்டு வா" என்று நாலு பேர் முன்னால் மூட்டையைத் திருப்பித் தள்ளுவார். "கொஞ்சம் சீக்கிரம்லா, நானா" என்று யாராவது அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டால், அவர்கள் மூட்டை கடைசிக்குப் போய்விடும். ஐம்பத்தொன்பது வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. மெஷின் சத்தத்தில் அவருக்கு யாரோடும் பேச வேண்டியதில்லை, அது அவருக்கு வசதி.

மலாக்கா டவுனில் அவருக்கு வேறு பெயர். மொட்டைக் கடுதாசி வஹீது.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம். அப்போது எல்லாரும் டவுனில் ஒரே வீட்டில் இருந்தார்கள். கிராம்புக்காரர் வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மைதீன் பிச்சை, அவர் மனைவி சாலிஹா, வஹீது, கல்யாணத்துக்கு நின்ற தங்கை ஜெய்த்தூன், படுக்கையில் விழுந்துவிட்ட உம்மா. ஜெய்த்தூனுக்குப் பக்கத்து ஊரான மூவாரில் மாப்பிள்ளை பேசி, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. பதினோரு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டிவைக்கிறார்கள் என்று டைப் அடித்திருந்தது. கீழே பெயர் இல்லை. ஜெய்த்தூனுக்குச் சளிகூடச் சரியாகப் பிடித்ததில்லை. ஆனால் உம்மாவின் கட்டில் எந்தச் சுவர் ஓரம் கிடக்கிறது, ராத்திரி யார் காவல் படுப்பது என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது. வெளியாள் எழுத முடியாது. கல்யாணம் நின்றது.

உடனே பெரிய கிதாபை இறக்கினார்கள்.

நடு அறையில் தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் பச்சைப் பட்டில் சுற்றி ஏழு முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலம். அதுதான் பெரிய கிதாபு, வீட்டின் புனிதப் புத்தகம். உள்ளே அரபு எழுத்து என்று எல்லாருக்கும் தெரியும், எந்த ஆணும் பிரித்துப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் சாம்பிராணி காட்டுவார்கள். வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனாலும் அதை இறக்கி, ஆளாளுக்குக் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று மூன்று இமாம்கள் சொல்லிப் பார்த்தாயிற்று. கிராம்புக்காரர் வீட்டில் யாரும் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்க்கும் உரிமை வீட்டின் மூத்த ஆணுக்கு மட்டும். மூத்த ஆண்கள் எல்லாரும் அதைத் தொடவே பயந்து செத்தார்கள்.

வஹீதுக்கு ஒன்பது வயதில், ஒளு செய்து கைகால் கழுவாமல் அந்தப் பட்டைத் தொட்டதற்கு வாப்பா பிரம்பு முறியும் வரை அடித்திருந்தார். "அதுல கை வச்சுட்டு ஒரு சொல்லு கூடக்குறைய சொன்னாக்கூட கை வெளங்காதுடா" என்றார். அந்த வார்த்தை பிரம்பை விட ஆழமாக இறங்கிவிட்டது.

"இந்தக் கல்யாணம் நின்னதுல எனக்குச் சம்பந்தமில்ல, கையாலயும் இல்ல, மனசாலயும் இல்ல." இதுதான் சொல்ல வேண்டிய வாசகம். மைதீன் பிச்சை சொன்னார். சாலிஹா சொன்னாள், தயங்காமல், பளிச்சென்று. வஹீதின் முறை வந்தது. அவர் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. டைப் அடிக்கவே தெரியாது. ஆனால் அந்த மூவார் மாப்பிள்ளையின் வாயும் நடையும் அவருக்குப் பிடிக்கவில்லை. இது எப்படியாவது நின்று தொலைய வேண்டும் என்று தொழுகைப் பாயிலேயே கேட்டிருக்கிறார். கையால் இல்லை என்பது சரி. மனசாலும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"நான் வைக்க மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். ஜெய்த்தூன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அன்று சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியவர், அண்ணன் மவுத்தானபோதுகூடப் பள்ளிவாசலுக்கும், அடக்கத்துக்குக் கபருக்கும் போனார், வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லக்ஷனா என்ற பெண் மில்லுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்றாவது தடவையாக வருகிறாள்.

"மூட்டை எங்க?" என்றார் வஹீது.

"மூட்டை இல்ல அங்கிள். நான் காலேஜுல படிச்சுக் குடுக்கறேன். உங்க வீட்டு ஜுலைகா உம்மா பத்திப் பேசணும். போன தடவையும் இதத்தான் சொன்னேன், நீங்க மெஷின போட்டுட்டீங்க."

"யாழ்ப்பாணத்து ஆளா நீ? பேரே சொல்லுது. எங்க வீட்டுப் பொம்பளையப் பத்தி உனக்கு என்ன?"

"உங்களுக்கு என்ன தெரியும் அவங்களப் பத்தி? அதச் சொல்லுங்க, போயிடறேன்."

வஹீதுக்குத் தெரிந்தது ஒரு கபர் மட்டும்தான். வாப்பாவின் வாப்பாவுக்கு உம்மா. அதைச் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை.

லக்ஷனா விடவில்லை. ஜுலைகா உம்மா மலாக்காவிலேயே பிறந்தவர். புருஷன் கிராம்பு ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனால் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்புவார். பையன்களுக்கு ஓதிக்கொடுக்க வந்தவரின் குரலைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டே எழுத்துப் படித்தவர். 1891இல் ஒரு நாவல் எழுதி, பினாங்கில் கல்லச்சில் நூற்றைம்பது பிரதி போட்டார். இன்று ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துப் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரமும், ஒரு வசவுக் கடிதமும்தான் மிச்சம்.

"என்ன வசவு?" என்று கேட்டுவிட்டார் வஹீது. கேட்ட பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"பொம்பள எழுதுன கதைய பொம்பளைங்க வாசிச்சா வீட்ல சோறு எப்படி வேகும்னு. யாரு எழுதுனான்னு தெரியாது அங்கிள். பேர் போடல. மொட்டைக் கடுதாசிதான்."

வஹீது மல்லித்தூள் சல்லடையைத் தரையில் போட்டார். தூள் எழும்பி இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது.

"வெளிய போ" என்றார்.

"போறேன். டவுன்ல உங்க மதினி சாலிஹாவையும் பாத்தேன். வீட்ல ஒரு பெரிய கிதாபு இருக்கு, முடிச்ச மூத்த ஆம்பளதான் அவுக்கலாம், இப்ப அது வஹீதுதான்னு சொன்னாங்க. சிரிச்சாங்க. 'அவன் இந்த வாசல மிதிக்க மாட்டான், நீ வேணா போயிக் கெஞ்சிப் பாரு'ன்னாங்க."

"சிரிச்சாளா?"

"நல்லாவே சிரிச்சாங்க."

வஹீது மெஷினை நிறுத்தினார். வரிசையில் நின்ற இரண்டு பெண்களிடம் "நாளைக்கு வாங்க" என்றார். அவர்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது, கண்டுகொள்ளவில்லை. மோட்டார்சைக்கிளை எடுத்தார். லக்ஷனாவின் கார் பின்னால் வந்தது.

சாலிஹாவுக்கு எழுபத்தொன்று. கதவைத் திறந்து வஹீதைப் பார்த்ததும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்ளக்கூட மறந்து நின்றாள். பிறகு சுதாரித்துக்கொண்டாள்.

"வழி தெரிஞ்சுதா?"

"நீ கூப்புட்டு வரல. கிதாபுக்கு வந்தேன்."

"இருவத்தெட்டு வருஷம் முன்னால கை வைக்க மாட்டேன்னவன், இப்ப அவுக்க வந்துட்டான்."

"நீதான சொன்னே, மூத்த ஆம்பளதான்னு. தள்ளு."

குளியலறையில் ஒளு செய்துவிட்டு வந்தார். கைகளை இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். வாப்பாவின் பிரம்பு இன்னும் அந்த வீட்டில் எங்கேயோ இருப்பது போலிருந்தது. பலகையிலிருந்து பொட்டலத்தை இறக்கி மேசையில் வைத்தார். சாலிஹா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

நூறு வருஷம் யாரும் தொடாத முடிச்சு கல்லாக இருக்கும், நகம் போகும் என்று நினைத்தார். முதல் முடிச்சு ஒரே இழுப்பில் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஏழும் தலைமுடி ரிப்பன் மாதிரி கழன்றன.

உள்ளே ஒரு புத்தகம். கை அகலம், அட்டை போய் அரிசிமூட்டைத் துணியால் தைத்த முதுகு. வஹீது பிஸ்மி சொல்லித் திறந்தார். அரபு எழுத்துதான். கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தார்.

மூக்கில் மஞ்சள் வாசம் அடித்தது.

அந்த மூக்கு முப்பது வருஷம் மசாலாவோடு பிழைத்த மூக்கு. அதை ஏமாற்ற முடியாது. ஓரத்தைப் பார்த்தார். பக்கம் புரட்டுகிற கீழ்மூலை முழுக்கக் கறை. அடியில் கறுத்துப்போன பழைய கறை, அதன்மேல் காவி, அதன்மேல் பழுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே பளீரென்று ஒரு பெருவிரல் மஞ்சள். வஹீது அதை முகர்ந்தார். மஞ்சள், சோம்பு, கொஞ்சம் வெந்தயம். மீன் குழம்புக்குக் கூட்டுகிற தூள். அதுவும் பழசு இல்லை. ஒரு வாரத்துக்குள் பட்ட கை.

அவர் நிமிரவில்லை. திறந்த பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து, ஓதப் பள்ளியில் செய்ததுபோல எழுத்தெழுத்தாகக் கூட்டினார். அரபு அவருக்கு ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. வழக்கம்போல அர்த்தமில்லாமல் ஒலி மட்டும் வரும் என்று நினைத்தார்.

"அ... வ... ள்... அடு... ப்... பை... ஊ... தினாள்."

நிறுத்தினார். திரும்பவும் கூட்டினார்.

"அவள் அடுப்பை ஊதினாள், புகை வந்தது. அவள் கடலைப் பார்த்தாள், புருசன் வரவில்லை."

"தமிழ்!" என்றாள் லக்ஷனா. குரல் கீச்சிட்டது. "எழுத்து அரபு, பாஷை தமிழ். அங்கிள், இதுதான் அந்த நாவல்! நூத்தம்பதுல ஒண்ணு!"

வஹீதுக்கு அது காதில் ஏறவில்லை. கதை. வாப்பா அடித்தது ஒரு கதைப் புத்தகத்துக்காக. வீடு மொத்தமும் சாம்பிராணி போட்டுக் கும்பிடாத குறையாக நின்றது, ஒரு பெண் அடுப்பு ஊதுகிற கதைக்கு முன்னால். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். அந்த மஞ்சள் பெருவிரல் அவர் கண்ணிலேயே நின்றது.

"மதினி. நேத்து மீன் கொழம்பா?"

சாலிஹா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்கறேன். உனக்கு இது வாசிக்கத் தெரியும்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கட்டி வந்த அடுத்த வருஷத்துலேர்ந்து. உங்கும்மா சொல்லிக் குடுத்தாங்க. ஆம்பளைங்க கடைக்குப் போனப்புறம் அடுப்படில இத வாசிப்போம். உங்கும்மாவுக்கு அவங்க மாமி. அந்த மாமிக்கு ஜுலைகா உம்மாவே. மருமவளுக்கு மருமவ. மகளுக்குச் சொல்லக் கூடாது, மக வேற வீட்டுக்குப் போயிருவா. மருமவதான் இங்கயே கெடப்பா."

"பலகைல எப்படி ஏறுச்சு?" என்று லக்ஷனா கேட்டாள்.

"ஜுலைகா உம்மாவோட கொழுந்தனுங்க. வீட்டுப் பொம்பள கதை எழுதி ஊரு பேசுதுன்னு பிரதி பூரா வாங்கிட்டு வந்துட்டானுங்க. அரபு எழுத்துல இருக்கற காயிதம், எரிக்கவும் பயம், குப்பைல போடவும் பயம். கல்லக் கட்டி கடல்ல எறக்குனானுங்க. புருசன் கப்பல்லேர்ந்து வந்தாரு. பொண்டாட்டிகிட்ட இருந்த ஒண்ண வாங்கிப் பட்டுல சுத்தி, ஏழு முடிச்சுப் போட்டு, பெரிய எடத்துலேர்ந்து வந்த கிதாபு, எவனும் தொடக் கூடாதுன்னு பலகைல வச்சாரு. அவரு காப்பாத்தத்தான் பொய் சொன்னாரு. பொறந்த புள்ளைங்க அத நெசம்னு நம்பிருச்சுங்க. ஆம்பளைங்களுக்கு வெளங்காத எழுத்துன்னா ஒடனே பயம்."

"அப்ப அன்னிக்கு..." வஹீது புத்தகத்தைப் படாரென்று மூடினார். "கதைன்னு தெரிஞ்சுதான் கை வச்சே."

"ஆமா."

"கடுதாசி எழுதுனது நீ."

சாலிஹா மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை குனியவில்லை.

"நான்தான். எதுத்த கிளினிக்குல கூட்டித் தொடைக்கற வேலைக்குப் போனேன்ல, அங்க இருந்த மெஷின்ல ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சேன். குர்ஆன்ல கை வைக்கச் சொல்லிருந்தா வச்சிருக்க மாட்டேன். கதைல வச்சேன். கதைல பொய் சொன்னா என்ன?"

"ஏன்?"

"ஏனா? உங்கும்மாவுக்குப் பீ அள்ளுனது யாரு? நீயா? உங்கண்ணனா? நானும் ஜெய்த்தூனும். அவளும் மூவாருக்குப் போயிட்டா நான் ஒருத்தி. ஒரு வருஷம் தள்ளிப் போவட்டும்னுதான் நெனச்சேன். மொத்தமா நிக்கும்னு நெனைக்கல."

"என்னைய ஊரே துப்புச்சு."

"நீ கை வச்சிருக்கணும். எழுதாதவன் கைய வச்சுட்டுப் போவாம பெரிய மகான் மாதிரி, அவுலியா கணக்கா நின்னே. நான் என்ன செய்யறது? ஒரு தடவ கேட்டீங்க, ஒரு தடவ பொய் சொன்னேன். அதுக்கப்புறம் எவனாச்சும் என்கிட்ட வந்து கேட்டானா? நீ கேட்டியா? சட்டைய மாட்டிட்டுப் போனே."

வஹீது கையை ஓங்கவில்லை. ஓங்கியிருப்பார், எதிரே இருந்தது எழுபத்தொரு வயதுக் கிழவி. பச்சைப் பட்டைச் சுருட்டிச் சுவரில் எறிந்தார்.

"ஜெய்த்தூன்கிட்ட வந்து இதச் சொல்லு. இப்பவே."

"வர்றேன். எனக்கென்ன பயமா?" சாலிஹா புத்தகத்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "கார எடு பாப்பா. இவன் மோட்டார்ல நான் ஏற மாட்டேன்."

கடலோரத்துக் கோலா சுங்கை பாருவில் ஜெய்த்தூன் கருவாடு போடுகிறாள். முப்பத்தெட்டு வயதில் ஒரு மீன் வியாபாரிக்கு இரண்டாம் தாரமாகப் போனவள். அவரும் இப்போது இல்லை. வீட்டு முன்னால் தகரக் கொட்டகை, கூடையில் மீன், பலகையில் கத்தி. மூன்று பேரும் காரிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தாள். கத்தி நிற்கவில்லை.

"இவன எதுக்குக் கூட்டியாந்தீங்க மதினி?"

சாலிஹா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். எதையும் மறைக்கவில்லை, எதையும் மெழுகவில்லை. டைப் மெஷின், கிளினிக், பீ, பலகையில் இருந்த கதை, எல்லாவற்றையும் சந்தை விலை சொல்கிற குரலில் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. சொல்லி முடிக்கும் வரைக்கும் ஜெய்த்தூன் ஏழு மீன் கீறியிருந்தாள். எட்டாவதில் கத்தி நின்றது.

"உம்மா மவுத்துக்கு அப்புறமும் பதினோரு வருஷம் உங்ககூட ஒரே அடுப்புல ஆக்குனேன் மதினி."

"ஆமா."

"தெனம் சோறு போட்டுத் தந்தீங்க."

"ஆமா."

"நல்லா இருங்க" என்றாள் ஜெய்த்தூன். அதைவிடக் கெட்ட வார்த்தையால் அவள் திட்டியிருக்க முடியாது. சாலிஹாவின் முகம் அப்போதுதான் முதல் தடவையாகக் கலைந்தது.

ஜெய்த்தூன் வஹீது பக்கம் திரும்பினாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து.

"நீ எழுதல."

"எழுதல."

"அப்ப ஏன் கை வைக்கல? நான் உன்னையே பாத்துக்கிட்டு நின்னேன். வைக்கணும் வைக்கணும்னு. எல்லாரும் வச்சாங்க, என் கூடப்பொறந்தவன் மட்டும் வைக்கல. கல்யாணம் நின்னதுகூட எனக்குப் பெருசில்ல. நீ வைக்கல பாரு, அதுதான்."

வஹீது காலடியில் கிடந்த மீன் செதிலைப் பார்த்தார்.

ஜெய்த்தூன் எழுந்து வந்து சாலிஹாவின் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினாள். "அம்மா, கை!" என்று லக்ஷனா பதறினாள். செதிலும் இரத்தமுமாக அந்தக் கை அட்டையில் பதிந்தது. புத்தகத்தை மீன் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"இப்ப வை. என்ன சொல்லணுமோ சொல்லு."

"அது கதைப் புத்தகம் ஜெய்த்தூன்."

"தெரியும். வை."

வஹீது ஒளு இல்லாமல் கையை வைத்தார். அட்டை ஈரமாக, பிசுபிசுவென்றிருந்தது.

"நான் எழுதல. கையால ஒண்ணும் செய்யல. ஆனா நிக்கணும்னு மனசுல நெனச்சேன். தொழுது கேட்டேன். அந்த மூவார்காரன எனக்குப் புடிக்கல. அதுனாலதான் வைக்க முடியல."

கொட்டகைக்கு வெளியே ஒரு மோட்டார் போனது. ஜெய்த்தூன் மூக்கை மேல்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன, நானா? எனக்கும்தான் அவனப் புடிக்கல. யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

லக்ஷனா கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து அட்டையை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, இதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்க விடுவீர்களா என்று கேட்டாள். கேள்வி யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"மொதல்ல நான் கேக்கணும்" என்றாள் ஜெய்த்தூன். "பத்து வயசுலேர்ந்து இதுக்கு சாம்பிராணி காட்டிருக்கேன். மருமவளுக்கு மட்டும் கதையாமே. வாசிங்க மதினி. எந்திரிச்சுப் போயிராதீங்க, வாசிங்க."

சாலிஹா முன்பக்கத்தைத் திறந்தாள். கதைக்கு முன்னால் ஜுலைகா உம்மா எழுதிய நாலு வரி இருந்தது. வஹீது கதையின் முதல் வரிக்கே போய்விட்டதால் அதைப் பார்க்கவில்லை. சாலிஹாவின் குரல் கரகரத்தது.

"சகோதரிகளே, இது நானே என் புத்தியில் கட்டிய கதை. இதில் மார்க்கம் தேட வேண்டாம். இதை உயரத்தில் வைக்க வேண்டாம். சோறு வேகும் நேரத்தில் வாசியுங்கள். கறை பட்டால் குற்றமில்லை."

வஹீது கிளம்புவதற்குச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. மோட்டார்சைக்கிள் டவுனில் கிராம்புக்காரர் வீட்டு வாசலில் நின்றது. காரில்தான் திரும்ப வேண்டும், கார் வைத்திருப்பவளோ வாயைத் திறந்துகொண்டு கதை கேட்கிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பலகை முன்னால் குந்தினார். கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து, வயிற்றுப் பக்கம் கத்தியை வைத்தார்.

"அப்படி இல்ல" என்றாள் ஜெய்த்தூன், அவர் பக்கம் பார்க்காமல். "முதுகுப் பக்கம் கீறணும்."